ஆயிரம் மீட்டருக்கு மேலே மரியாதை கிடையாது

லின்ஸ் நகரத்தில் பாதிப் பேர் நோட்புர்கா ஹாஸ்லிங்கரின் பல்லால்தான் சாப்பிடுகிறார்கள். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் பட்டறையில் முப்பது வருஷமாக வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த ஊரார் பன்றி வறுவலின் மொறுமொறுத் தோலைக் கடிக்கிற சத்தம் டான்யூப் நதியின் அக்கரைவரை கேட்கும். அதில் சரிபாதி நோட்புர்கா என்கிற புர்கி செய்த பல்லின் சத்தம். நகராட்சி உறுப்பினர் ஒருவரைப் புதைத்த பிறகும் அவருடைய பல்செட் மட்டும் ஒரு வாரம் தீர்மானங்களை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தது என்று ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் அவரவர் பல்லின் உறுதியைப் பொறுத்தது.

இத்தனை பேர் வாயை அறிந்தவளுக்கு எதிர் வீட்டு வாயிலிருந்து ஒரே ஓர் எழுத்தை வரவழைக்க முடியவில்லை. அந்த எழுத்து, 'நீ'.

அதே மாடியில் எதிர் வீட்டில் இருந்தவர் லாங்தாலர், ஓய்வு பெற்ற நில அளவை எஞ்சினியர். தனிக்கட்டை. தலை வகிடு நூல் பிடித்தாற்போல் இருக்கும். மாடிப்படி கூட்டுகிறவள் வாசல் மிதியடியை விரலளவு நகர்த்திவிட்டால், மண்டியிட்டு அதை நேராக்கிவிட்டுத்தான் உள்ளே போவார். புர்கி வேலைக்குப் போயிருக்கும்போது வரும் பார்சல்களை வாங்கி வைப்பார். அவள் கேக் செய்தால் ஒரு துண்டு அங்கே போகும். தட்டு கழுவித் துடைத்துத் திரும்பி வரும். "ரொம்ப நன்றிங்க மேடம்." "இதுல என்னங்க இருக்கு சார்." பன்னிரண்டு வருஷமாக இதே பாட்டு, இதே தாளம்.

அந்த ஊர் வழக்கம் அப்படி. எத்தனை பழகினாலும் 'நீங்க' தானாக உருகி 'நீ' ஆகாது, ஒருவர் முறைப்படி வாய் திறந்து, "இனிமே நீன்னே பேசிக்கலாமா?" என்று கேட்க வேண்டும். யார் கேட்பது? ஆணும் பெண்ணும் என்றால் பெண். பெரியவரும் சின்னவரும் என்றால் பெரியவர். இங்கே பெண் புர்கி, பெரியவர் அவர். வயதில் மூத்தவர், அவரே கேட்கட்டும் என்று அவள் இருந்தாள். பெண்மணி, அவரே கேட்கட்டும் என்று அவர் இருந்தாரோ என்னவோ. குறுகலான பாலத்தில் எதிரெதிரே வந்த இரண்டு மரியாதைக்காரர்கள் மாதிரி இருவரும் நின்றுவிட்டார்கள்.

துணிந்து கேட்கலாம்தான். கேட்டு, அவர் புருவம் ஒரு மயிரிழை உயர்ந்துவிட்டால்? அப்புறம் ஒரே மாடிப்படியில் எந்த முகத்தோடு ஏறி இறங்குவது?

அந்த டிசம்பரிலும் வழக்கம்போல் கீழ்த்தளத்திலிருந்து உருகிய மெழுகின் வாசனை மாடிப்படி வழியே ஏறி வந்தது. லாங்தாலர் தம் பனிச்சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு தேய்க்கிறார் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமைச் சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் குஸ்டியிடம் புர்கி இதைச் சொன்னாள். குஸ்டி பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதி. குரலில் மட்டும் ஒரு மூட்டை அதிகம்.

"வருஷா வருஷம் மெழுகு போடறாரே, எங்கயாவது போறாரா?"

"எங்க போறாரு? கூடப் போற சிநேகிதருக்கு முழங்கால் போயிடுச்சாம். தனியாப் போக மனசு வரலியாம்."

"அப்ப எதுக்குடி மெழுகு? ஆள் வராத கல்யாணத்துக்குப் பந்தல் போடறாரா?" குஸ்டி உருளைக்கிழங்கைத் தராசில் கொட்டினாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "அடியே புர்கி! மலைக்குக் கூட்டிட்டுப் போடி அவரை!"

"மலைக்கா?"

"ஆயிரம் மீட்டருக்கு மேல நீங்க நாங்க எல்லாம் ஏது? மந்திரியா இருந்தாலும் நீதான், மாடு மேய்க்கறவனா இருந்தாலும் நீதான். யாரும் யாரையும் கேக்க வேண்டாம், மலையே கேட்டுக்கும்!"

புர்கியின் கையிலிருந்த பை நழுவியது. அந்த நாட்டில் பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் அது. பன்னிரண்டு வருஷமாக அவளுக்குத் தோன்றவே இல்லை. சறுக்கப் போகிறவர்களை மலைமேல் இழுத்துச் செல்லும் இழுவைக் கம்பியில் ஒரு பிஷப்பும் ஒரு கோழித் திருடனும் ஒன்றாகத் தொங்கிக்கொண்டு ஏறினார்களாம், உச்சி போய்ச் சேர்வதற்குள் பிஷப் தன் பாவங்களைத் திருடனிடம் சொல்லி முடித்துவிட்டாராம். மலை அப்படிப்பட்டது.

"நம்ம ஊர்க் குன்றுக்கு டிராமே போகுதே, அங்க கூட்டிட்டுப் போனா ஆகாதா?" என்றாள் புர்கி, பயத்தில்.

"அது பாதி உயரம்தான். பாதி நீதான் கெடைக்கும். அதை வெச்சு என்ன பண்ணுவ?"

அன்று மாலையே மாடிப்படியில் அவரை மறித்தாள்.

"சார், ஒரு நிமிஷம். ஜனவரில மூணு நாள் ஸ்கீக்குப் போலாம்னு ஏற்பாடு. என் சிநேகிதி குஸ்டி கடைசி நேரத்துல கால வாரிட்டா. தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. உங்களுக்கு... நேரம் இருக்குமா?"

குஸ்டி ஜென்மத்தில் சறுக்குப் பலகையில் கால் வைத்ததில்லை. வைத்திருந்தால் பலகை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடியிருக்கும்.

லாங்தாலர் தம் மெழுகுக் கைகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "எந்த மலைங்க?" என்றார். ஒரு நில அளவைக்காரர் சம்மதம் சொல்வது அப்படித்தான்.

அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. பள்ளி விடுமுறை நாட்களில் மலை விடுதிகள் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான் அறை கொடுக்கும். மூன்று நாளுக்கென்று கேட்டால் போனை வைத்துவிடுவார்கள். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் பண்டிகை முடிந்து, பிப்ரவரிப் பள்ளி விடுமுறை தொடங்கும்வரை ஓர் ஓட்டை விழும். அதற்கு ஜனவரி ஓட்டை என்றே பெயர். அந்த ஓட்டைக்குள் புகுந்துவிட வேண்டும் என்று புர்கி பரபரத்தாள். பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு சமையலறையில் நடைபழகினாள். கீழ்வீட்டுக்காரி துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தாள். தொடைக்கு வலு வேண்டுமே என்று பட்டறையில் சுவரோடு முதுகை ஒட்டி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடைவாய்ப் பல் தேய்த்தாள். அந்த வாரம் செய்த பல்செட்கள் எல்லாம் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தன. ஒரு காலை, எதிர் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் தொப்பு தொப்பென்று யாரோ உட்கார்ந்து எழும் சத்தம் கேட்டது. புர்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காபிக்கு அவர் வந்தார், அக்குளில் சுருட்டிய வரைபடத்தோடு. மேசையில் சிவப்புத் திராட்சை ஜாம் வைத்துப் பின்னல் போட்ட லின்ஸர் கேக். புர்கி தான் தேர்ந்தெடுத்த விடுதியின் படத்தை அவர் முன் தள்ளினாள். கார்பாக் கிராமத்தில், கம்பிவடத்தில் மலையேறும் தொங்கு வண்டி நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. வெந்நீர்க் குளமும் உண்டு.

அவர் வரைபடத்தை விரித்தார். பென்சில் முனையால் ஒரு கோட்டைப் பின்தொடர்ந்தார். முகம் சுருங்கியது.

"இது சரிப்படாதுங்க மேடம்."

"அப்ப இது? கோயிலுக்குப் பக்கத்துல இருக்கு."

"அதுவும் அப்படித்தான்."

"ஆத்தோரமா இன்னொண்ணு..."

"அது இன்னும் மோசம்."

புர்கி படங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மனுஷர் பின்வாங்குகிறார். வரமாட்டேன் என்று சொல்ல முடியாமல், விடுதி மேல் பழி போட்டு நழுவப் பார்க்கிறார்.

"அங்க பனி இல்லையா?"

"பனிக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

"சாப்பாடு?"

"கார்பாக் ரொட்டி உருண்டைக்கு ஈடே கெடையாதுங்க."

"அப்ப என்னதான் சார் குறை? வர இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க, நான் ஒண்ணும் பல்லைப் பிடுங்கிட மாட்டேன்!"

அவர் காது நுனிவரை சிவந்தது. "தொள்ளாயிரத்து எழுபது," என்றார்.

"என்னது?"

"கார்பாக் கிராமம் மொத்தமும் தொள்ளாயிரத்து எழுபது மீட்டர்தான். நானே அளந்தது. முப்பது மீட்டர் குறையுது."

புர்கி கேக் கத்தியைக் கீழே வைத்தாள்.

அவர் வரைபடத்தைப் பார்த்தே பேசினார். "பகல்ல மேல சறுக்கிக்கிட்டு இருப்போம். அங்க ஊர் வழக்கப்படி... வேற மாதிரி பேசிக்கலாம். சாயங்காலம் விடுதிக்கு எறங்கினா மறுபடியும் சார், மேடம். காலைல ஏறினா அது. எறங்கினா இது. மூணு நாளும் ஏறி எறங்கி, ஏறி எறங்கி... என்னால முடியாதுங்க. மேல போனா மேலயே இருக்கணும்."

புர்கியின் நெஞ்சுக்குள் ஒரு பனிச்சரிவு கிளம்பி, வழியில் இருந்த பன்னிரண்டு வருஷத்தையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போனது. ஆனால் பல்லைக் காட்டிவிடுகிறவளா அவள்? முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "மாடி ரூமா எடுத்துக்கிட்டா?" என்று கேட்டாள்.

"மாடிக்கு மூணு மீட்டர்னு வெச்சாலும் பத்து மாடி ஏறணும்." அவர் அதையும் கணக்குப் போட்டு வைத்திருந்தார். "கார்பாக்ல இருக்கறது மூணே மாடி."

"அப்ப எங்கதான் தங்கறது?"

அவர் வரைபடத்தை அவள் பக்கம் திருப்பினார். மேலே, தொங்கு வண்டியின் பாதிவழி நிலையத்துக்கு அருகே, ஷோனெக் என்ற தனி விடுதியைச் சுற்றி ஒரு பென்சில் வட்டம். அது இன்று போட்டதல்ல. அழித்து அழித்து, மறுபடி மறுபடி போட்டுத் தாளே மெலிந்திருந்தது.

"ஆயிரத்து நானூறு," என்றார், மூச்சோடு மூச்சாக.

புர்கி கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு அப்போதே போன் போட்டாள். இருவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். மறுமுனையில் மலைக்காற்று ஊளையிட்டது. அதையும் மிஞ்சி ஒரு பெண்குரல் வந்தது.

"ஷோனெக். சொல்லு."

"வணக்கம் மேடம், ஜனவரில மூணு ராத்திரிக்கு ரூம்..."

"மேடம் யாரு? நான் ரோஸ்வித்தா. இந்த விடுதி என்னுது. நீ யாரு?"

"நோட்புர்கா."

"அடேயப்பா, பேரே நாலு படி ஏறுது. ஓட்டை வாரத்துல எடம் இருக்கு. எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு. நானும் எஞ்சினியர் லாங்தாலர் சாரும்."

சிரிப்பில் போன் அதிர்ந்தது. "சாரை அடிவாரத்துலயே எறக்கி விட்டுட்டு வா. இங்க சாருக்கெல்லாம் மெத்தை கெடையாது. ஆளு பேரைச் சொல்லு, எழுதிக்கணும்."

புர்கி விழித்தாள். எதிர் வீட்டு அழைப்பு மணிப் பலகையில் இருப்பது 'எஸ். லாங்தாலர்' மட்டும். அந்த எஸ்ஸுக்கு அவள் தனக்குள் ஸ்டெஃபான் வைத்துப் பார்த்திருக்கிறாள், செபாஸ்டியன் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் அவர் வகிட்டுக்குப் பொருந்தவில்லை.

"எஸ்ல ஆரம்பிக்கும்," என்றாள் மெதுவாக.

"எஸ்ஸா! மூணு நாள் கூட வரப்போறவன் பேரு தெரியாதா உனக்கு? பிரிச்சாத்தான் உள்ள என்ன பொம்மைன்னு தெரியற பொட்டலமா அவன்? பக்கத்துல தொண்டையக் கனைக்கறானே, அவன்தானே? அவனையே கேளு!"

கேட்கலாம். 'உங்க பேரு என்னங்க சார்' என்றா கேட்பது, இந்த ரோஸ்வித்தா காதுபட? புர்கி அவரைப் பார்த்தாள். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார், முதல்முறை அறிமுகமாகிறவர் போல. போனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னார்.

"ஸெவெரின்."

"ஸெவெரின், எழுதிட்டேன்," என்றது போன். "ரூம் ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"கத்தாதீங்க, மேல பனி சரியும். எதிரெதிர் ரூம்தான் இருக்கு. பரவால்லையா?"

"எங்களுக்குப் பழக்கம்தான்," என்றார் ஸெவெரின் லாங்தாலர்.

"ரொம்ப நன்றி ரோஸ்வித்தா. நீ கவலப்படாத, நாங்க சரியா வந்துடுவோம்," என்றாள் புர்கி. சொல்லி முடித்ததும்தான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது. ரோஸ்வித்தா போனை வைத்தாள். காற்றின் ஊளை நின்றது. சமையலறையில் காபிப் பாத்திரம் மட்டும் முணுமுணுத்தது.

அவர் நின்றபடியே யோசித்தார். எல்லைக்கல் எங்கே நட வேண்டும் என்று பார்க்கிறவரின் யோசனை அது.

"ஒரு விஷயம் பாக்கணுங்க. இப்ப போன்ல அந்த அம்மாவை நீங்க நீன்னு சொன்னீங்க."

"அவதானே மொதல்ல சொன்னா."

"தப்புன்னு சொல்லல. அவங்க இருக்கறது ஆயிரத்து நானூறுல, நாம இருக்கறது டான்யூப் கரைல. அப்படியும் வழக்கம் செல்லுபடியாச்சு. அதாவது, போன் கம்பி மேலயும் கீழயும் தொட்டுக்கிட்டிருக்கற வரைக்கும், இந்தச் சமையலறையும் ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கறதாத்தானே எடுத்துக்கணும்?"

புர்கிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. "போனைத்தான் வெச்சாச்சே சார்."

"அதான் நானும் பாக்கறேன்." அவர் மேசைமேல் கிடந்த போனை நேராக்கி, அவள் பக்கம் நகர்த்தினார். "காலைச் சாப்பாடு எத்தனை மணிக்குன்னு நாம கேக்கவே இல்லையே."

அவள் மறுபடியும் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. காற்று ஊளையிட்டுக்கொண்டு சமையலறைக்குள் வந்தது.

"ஷோனெக். சொல்லு."

"நோட்புர்கா," என்றார் அவர், அவசர அவசரமாக, குன்றிலிருந்து பலகையைத் தள்ளிவிட்டவர் போல. "உனக்குச் சூரியன் வர்ற பக்கத்து ரூமா, மலை தெரியற பக்கத்து ரூமா?"

"நீ எந்தப் பக்கம் வேணும்னாலும் எடுத்துக்க ஸெவெரின். எனக்கு எதிர்ல இருந்தாப் போதும்."

"ஹலோ? யாரது? போனைப் போட்டுட்டு யாருகிட்ட பேசறீங்க?"

"கொஞ்சம் இரு ரோஸ்வித்தா," என்றாள் புர்கி, கேக்கை இரண்டாக வெட்டிப் பெரிய பாதியை அவர் தட்டில் வைத்தபடி. "தயவுசெஞ்சு வெச்சுடாத. நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."