தேன் தின்ற மத்தியானம்

சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருக்கும் ரெபேக்காளுக்கு, வேலை முடிந்து ஊரப்பாக்கத்துக்கு வேனில் திரும்பும்போதெல்லாம் மாமல்லபுரத்து நாட்கள் நினைவுக்கு வரும். கடற்கரையை ஒட்டி ஜெரோம் நடத்திய கெஸ்ட் ஹவுஸில் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்த காலம் அது. அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்தவள் என்ற பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது. செங்கல்பட்டில் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, ஆட்டோ ஓட்டும் கலைவாணனை வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவள். அப்பாகூடப் போகப் போகப் பொறுத்துக்கொண்டார். அக்கா மார்கரெட்தான் பொறுக்கவில்லை. அப்பா இறந்தபோது சவப்பெட்டிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவள். ஒரு வார்த்தை பேசவில்லை. "அவ வேணும்னே பண்றா" என்று ரெபேக்காள் புலம்பாத நாள் இல்லை.

விருந்தாளிகள் விட்டுப்போகும் ஷாம்பு, ஜாம், பிஸ்கட்டெல்லாம் சுத்தம் செய்பவர்களுக்குத்தான். மலைப்பக்கம் சுற்றிவிட்டு வந்த ஒரு வெள்ளைக்கார ஜோடி காலி செய்த அறையில் ஒரு நாள் பாதி பாட்டில் தேன் கிடந்தது. அடியில் கறுப்பாக ஏதோ ஊறியிருந்தது. அத்திப்பழம் என்று நினைத்துப் பன்னில் தாராளமாகத் தடவித் தின்றாள். போதைக் காளான் ஊறிய தேன் அது என்று அவளுக்கு யார் சொல்வது?

மொட்டைமாடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போடும்போது ஆரம்பித்தது. துணி மூச்சுவிட்டது. அலைச்சத்தம் முதுகின் மேல் ஏறி இறங்கியது. பிறகு தன் கையைப் பார்த்தாள். அது கூடைக்குள் போய்க் கிளிப்பை எடுத்தது, துணியில் மாட்டியது. எடுக்கலாம் என்று அவள் நினைப்பதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தது. அந்த நினைப்பும் கைப்பிடிச்சுவரில் காக்கா வந்து உட்கார்வது போலத்தான் வந்தது, அவள் கூப்பிடவில்லை. "கர்த்தரே, நான் எங்க போய்ட்டேன்?" என்று அலறினாள்.

ஜெரோம் ஓடி வந்தார். பாட்டிலைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. டாக்டருக்குச் சொல்லியனுப்பினார், அவளை நிழலில் உட்காரவைத்து, "ஒண்ணும் ஆவாது ரெபேக்கா, எறங்கிடும். நான் இங்கயேதான் கீறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் பயம், யாரும் விரட்டாமலே, எழுந்து போயிற்று. அதற்குப் பிறகு அவளுக்கு எந்தப் பாரமும் இல்லை. சிரித்தாள், அழுதாள்.

தெளிந்த பிறகு கலைவாணனிடம் சொன்னாள்: "யோவ், உன்னக் கட்டிக்கணும்னு நான் முடிவே பண்லய்யா. அது பாட்டுக்கு நடந்துகீது."

அவன் முகம் செத்துவிட்டது. "இன்னா பேசுற? ஊரையே எதிர்த்துகினு என்னத் தேடி வந்தவ நீ. ஸ்டாண்டுல அதத்தான் சொல்லிகினு கீறேன். இப்ப அதுவும் இல்லியா?" சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அடுத்த சில நாட்கள் ஸ்டாண்டிலேயே சாப்பிட்டுக்கொண்டான்.

இடையில் வேறொன்றும் நடந்தது. மார்கரெட்டைத் திட்ட வாயெடுத்தவள் கோபத்தைக் காணாமல் திகைத்தாள். தானே முடிவு செய்யவில்லை என்றால், அக்கா மட்டும் எங்கே முடிவு செய்தாள்? மூத்தவளாய்ப் பிறந்தது, தாயில்லாத வீட்டில் சின்ன வயதிலேயே அடுப்பைப் பிடித்தது, தூக்கி வளர்த்த தங்கை ஒரு நாள் சொல்லாமல் போனது, இதில் எதை அவள் கேட்டு வாங்கினாள்?

ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள். கதவைத் திறந்த மார்கரெட், "இன்னாடி, எங்க வந்த?" என்றாள்.

"உன்னத் திட்டணும்னு இத்தினி வருஷமா வெச்சிகினு இருந்தேங்கா. தேடிப் பாத்தேன், கோவமே இல்ல."

மார்கரெட் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்கிட்ட கீதுடி. நெறய கீது. உள்ள வந்து உக்காரு, சொல்றேன்."

சாப்பாட்டு நேரம் வரை அழுதுகொண்டே திட்டித் தீர்த்தாள். ரெபேக்காள் மீன் ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் கலைவாணனிடம் சொன்னாள்: "முடிவு பண்ணி உன்கிட்ட வந்திருந்தா, இன்னிக்கு அக்கா அழுததப் பாத்து முடிவ மாத்திகினு போயிருப்பேன்யா. உன் மேல கீற ஆச என் கைல இல்ல. இன்னிக்கும் இல்ல." கொஞ்ச நாளில் அவன் ஸ்டாண்டில் அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தான்.

அந்தத் தெளிவு ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. இப்போது எல்லாரையும் போல ஆள் எடுக்கிறாள், லீவு கொடுக்க மறுக்கிறாள், முடிவெல்லாம் தன்னுடையது என்றே நம்புகிறாள். மார்கரெட் போன வருஷம் இறந்துபோனாள். அதுவரை கிறிஸ்துமஸ் தவறாமல் அக்கா வீட்டில்தான்.

"அந்தத் தேன் திரும்பக் கெடச்சா துன்னுவியாம்மா?" என்று மகள் ஜெபா ஒரு நாள் கேட்டாள்.

"அய்யோ, மாட்டேன். உயிரே பூடுச்சின்னு பயந்துட்டேன்" என்றாள் ரெபேக்காள். பிறகு, "ஆனா அக்கா வூட்டுக்குப் போவ சொல்லோ, யார் மேலயும் ஒண்ணுமே இல்லாம பஸ்ல குந்திகினு இருந்தேன் பாரு. அது மட்டும் இன்னொரு தபா கெடச்சா நல்லாருக்கும்" என்றாள்.