கடனை முன்கூட்டிக் கட்டப் போன இடத்தில்

இன்று காலை நானும் என் கணவரும் மட்டக்களப்பு டவுனில் இருக்கிற வங்கிக்குப் போனோம். சுனாமி கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாகக் கடன் எடுத்துக் கட்டிய வீடு எங்களது. மிச்சம் பிடித்த காசை அந்தக் கடனுக்கு மேலதிகமாகக் கட்டத்தான் போனோம்.

அந்த மிச்சத்துக்காக ஒழுகுகிற கூரையை மாற்றவில்லை. சமைக்கிற குசினிக்கு இன்னும் கதவில்லை. கடன் முடியட்டும் என்று பிள்ளையையும் தள்ளித் தள்ளி வைத்தோம். எனக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது.

கடன் பகுதியில் இருந்தவர் எங்கள் ஃபைலைப் புரட்டிவிட்டு, "முன்கூட்டிக் கட்டினா தண்டம் இரிக்கி" என்றார்.

"வட்டி குறையுமெண்டுதானே ஐயா கட்ட வந்தம்?"

"நீங்க கையெழுத்து வெச்ச ஒப்பந்தத்தில இரிக்கி."

ஓம், வைத்தோம். சுனாமி முகாமில் இருந்து வந்து, இங்கிலிசில் இருந்த பத்துப் பக்கத்துக்கு.

பிறகு அவர் என் வயிற்றைப் பார்த்தார். "பிள்ளகுட்டியும் இல்லத்தானே, என்ன அவசரம்? சண்டையும் முடிஞ்சிது. புதுக்கடன் தாறம், மேல்மாடி போடுங்க."

கணவர் காசைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தார்.

பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு சொன்னார். "மாசக்காச மட்டும் கட்டுவம். இந்தக் காசில கூரைய மாத்துவம். இனிப் பிள்ளையத் தள்ளிவைக்க வேணாம்."

நான் எங்கள் ஊர் களுதாவளை வரும் வரைக்கும் அழுதேன்.

கூரைக்கு ஓடு நல்லதா, தகரச் சீற் நல்லதா? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பிள்ளை எப்போது என்று கேட்க நினைப்பவர்கள் மட்டும் வங்கியில் வேலைக்கு விண்ணப்பியுங்கள்.