அசையாத கோப்பும் ஒரு சீப்புப் பழமும்

ஸ்ரீவைகுண்டத்தில் வாழை விவசாயிகள் சங்கமொன்றில் வேலை பார்க்கிறேன். பயிர்க் காப்பீட்டுப் பதிவுதான் எங்களுக்கு முதன்மையான பணி. பதிவு முடிந்த விவசாயி, அதை முடித்துக் கொடுத்தவரின் மேசையில் ஒரு சீப்புப் பழம் வைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். வேண்டாமென்றாலும் விடமாட்டார்கள். ஆகவே, எங்கள் அலுவலகத்தில் யாரை ஊர் நம்புகிறது என்பதை மேசைகளைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

எனக்குப் பிறகு வேலைக்கு வந்த பெண்ணின் மேசையில் கோழிக்கூடும் கதலியுமாக வாழைப்பழச் சீப்புகள் குவிந்திருக்கும். என் மேசையில் கோப்புகள். அவள் கணினி படித்தவள், நான் சமூகப்பணி. கேட்காமலேயே பழத்தில் பாதியை எனக்குக் கொடுப்பாள். அந்தப் பழம் எனக்கு ஒருநாளும் இனித்ததில்லை.

இந்தப் பருவத்தில், பதிவின் கடைசி நாள் நெருங்கியபோது, எங்கள் பழைய கணினி ஊர்ந்தது. ஹார்டு டிஸ்கில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒன்றுசேர்க்கும் டீஃப்ராக் செயலியைத் தினமும் மாலையில் ஓட்டினேன். திரையின் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒழுங்காயின. ஆனால், நடுவே சில கட்டங்கள் மட்டும் எத்தனை முறை ஓட்டினாலும் இடம் மாறவில்லை. செயலர் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள் என்றார். அவர் சொன்னது நியாயந்தான். எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டேன்.

அவள் பின்னால் நின்று பார்த்தேன். பொறாமை பிடித்தவளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நினைவகம் போதாதபோது கணினி டிஸ்கில் ஒரு கோப்பை வைத்துச் சமாளித்துக்கொள்ளுமாம். பேஜ் ஃபைல் என்று அதற்குப் பெயர். எந்நேரமும் பயன்பாட்டில் இருப்பதால் டீஃப்ராக் அதைத் தொடுவதில்லை. அதை நிறுத்திவிட்டு, கணினியை அணைத்துப் போட்டு, டிஸ்கை ஒழுங்குபடுத்தி, பிறகு ஒரே அளவு குறித்துத் திரும்ப வைக்க வேண்டும் என்று அந்த அளவையும் சொன்னாள். கோப்பை நிறுத்தி டீஃப்ராக்கை ஓடவிட்டாள். அன்று அவளுடைய தம்பி குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காளி வேடம் கட்டுகிறான். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள்.

மறுநாள்தான் பதிவின் கடைசி நாள். காலையிலேயே வாசல்வரை வரிசை. கணினி முதலில் வேகமாகத்தான் ஓடியது. இரண்டாவது படிவத்தைத் திறந்தபோது நினைவகம் போதவில்லை என்று சொல்லி உறைந்தது. நிறுத்திய கோப்பை அவள் திரும்ப வைக்கவில்லை என்பது எனக்கு உடனே விளங்கியது.

செயலர் வந்தார். “என்னம்மா, அந்தப் பிள்ள சரியாக்கலையா?”

‘மறந்துவிட்டாள்’ என்ற ஒரு சொல் போதும். அந்த மேசை காலியாகிவிடும். சொல்லலாமா என்று உண்மையிலேயே யோசித்தேன். ஆனால், அதைச் சொன்னால் விசாரணை வரும், அவளுக்குத் தொலைபேசி போகும், வரிசையில் நிற்பவர்களின் பகல் கரையும். அன்று பதிவாகாமல், காற்றில் வாழை சாய்ந்தால் நட்டம் அவர்களுக்குத்தான். எனக்கோ அவளுக்கோ அல்ல.

“ஒரு வேல பாக்கி இருக்கு அண்ணாச்சி. இந்தா முடிச்சிருதேன்.”

அவள் சொன்ன அளவிலேயே கோப்பைத் திரும்ப வைத்துக் கணினியை அணைத்துப் போட்டேன். அதன்பின் படிவங்கள் தடையின்றி ஏறின. மாலைக்குள் வரிசை தீர்ந்தது.

கடைசியாகப் பதிந்த பெரியவர் துண்டிலிருந்து ஒரு சீப்பை எடுத்தார். என்னையும் காலியாயிருந்த அவள் மேசையையும் பார்த்தார்.

“மிசின் இன்னைக்கு என்னமா ஓடுது. அந்தப் பிள்ள கைபட்டா தனிதான், பாத்துக்கிடுங்க.”

“ஆமா, நல்லாத்தான் சரியாக்கியிருக்கா” என்றேன்.

பழத்தை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். தசரா முடிந்து அவள் வரும்வரை அது தாங்காது. எறும்பு ஏறாதபடி செய்தித்தாளில் சுற்றி ஆணியில் மாட்டினேன். ஒன்றைக்கூடப் பிய்க்கவில்லை. வாசனை மட்டும் விளக்கை அணைக்கும்வரை என் பக்கமே வந்துகொண்டிருந்தது.