மாங்காட்டுக்கு முடிந்த ரூபாய்

எங்கள் வீட்டில் சில்லறை கிடையாது. பால், கீரை, இஸ்திரி, ஆட்டோ என்று எல்லாவற்றுக்கும் போனை நீட்டிப் பழகிவிட்டோம். அதனால் வரும் கஷ்டம் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் தெரிந்தது. டெங்கு. தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன என்று டாக்டர் சொன்னார். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த என் மனைவி, ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து மாங்காட்டு அம்மனிடம் வேண்டிக்கொள்ள நினைத்தாள். பெண் எழுந்து நடந்தால் அந்தக் காசைக் கொண்டுபோய் உண்டியலில் போடுவது என்று நேர்த்தி.

துணி இருந்தது, மஞ்சள் இருந்தது, காசுதான் இல்லை. கைப்பையைக் கவிழ்த்தாள். என் சட்டைப் பைகளைத் துழாவினாள். பக்கத்து ஃபிளாட்டில் கேட்டால் அங்கேயும் அதே கதை. கடைசியில் மகளின் மேசை இழுப்பறையில், சின்ன பிளாஸ்டிக் உறைக்குள் பழைய பெரிய ரூபாய் ஒன்று கிடைத்திருக்கிறது. அம்மனே எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்து, காசை வைத்து இறுக்கி முடிந்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள்.

மகள் எழுந்துவிட்டாள். நான்தான் இன்னும் முழுதாக எழவில்லை. வீட்டில் அவளைக் கடந்து போகும்போதெல்லாம் என் கை தானாக அவள் நெற்றிக்குப் போகிறது. "சூடாத்தான்ப்பா இருக்கும். உயிரோட இருக்கேன்ல?" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் எனக்குச் சேர்ந்துகொள்ள வராது.

கோயிலுக்குப் போவதைத் தள்ளிவைத்திருந்தோம். அவள் கால்களுக்குத் தெம்பு வந்து, பிராகாரத்தைத் தானே சுற்றி வந்து, தன் கையால் காசைப் போட வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. அப்படி நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டே மகள் சாதாரணமாக ஒன்றைச் சொன்னாள்.

"அம்மா, அந்த மஞ்சத் துணியில நீ முடிஞ்சது என் காசு. அதை எடுத்துக்கிட்டேன். பதிலுக்குக் கடையில கேட்டு வாங்கின வேற ஒத்த ரூபா வெச்சுக் கட்டிட்டேன்."

மனைவியின் கை ரசக் கரண்டியோடு நின்றுவிட்டது. "நேர்ந்த காசையா எடுத்தே?"

"ரூபாய்க்கு ரூபா வெச்சுட்டேன்ல? அம்மன் என்ன, இது அதே காசான்னா பாக்கப் போறாங்க?"

"பாப்பாடி. உன்னைப் பாத்தவ அதைப் பாக்கமாட்டாளா? எங்கே இப்போ அது?"

"கிரேடிங்குக்கு அனுப்பிட்டேன்."

மகளுக்குப் பள்ளி நாளிலிருந்தே நாணயம் சேர்க்கிற பழக்கம். இந்த ரூபாய் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் மீதிச் சில்லறையாகக் கொடுத்தது. அச்சு நடுவில் விழாமல் ஒரு பக்கமாக நகர்ந்து, சிங்கங்கள் விளிம்பில் இடித்துக்கொண்டு நிற்கும். எதிர் ஓரத்தில் பிறை போல வெறும் உலோகம். நாணயச் சாலையில் நேர்ந்த பிழை என்றால் சேகரிப்பவர்களுக்கு அது பொக்கிஷமாம். ஆனால் ஒரு நாணயக் கண்காட்சியில் ஒரு வியாபாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாரோ பட்டறையில வெச்சு அடிச்சதும்மா" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே குடைச்சல். நிஜமா, போலியா?

அதைச் சொல்லவே ஒரு நிறுவனம் இருக்கிறது. எங்கோ வடக்கே ஒரு நகரத்தில். நாணயத்தைக் கூரியரில் அனுப்பினால் சோதித்து, நிஜமா என்று சொல்லி, அதன் நிலைக்கு மதிப்பெண் போட்டு, ஒரு கண்ணாடி மாதிரி தடித்த பிளாஸ்டிக் வில்லைக்குள் வைத்து மூடி அனுப்புவார்கள். அந்த வில்லைக்கு ஸ்லாப் என்று பெயர். மகள் உடம்பு தேறியதும் செய்த முதல் வேலை அதற்குப் பார்சல் கட்டியதுதான்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறவன். ஒரு கீறலுக்காகப் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பிப் பழகியவன். நேர்த்தி, முடிச்சு எல்லாம் மனைவியின் இலாகா. "ஒரு ரூபாதானே, வந்ததும் போட்டுக்கலாம்" என்று இரண்டு பேரையும் சமாதானப்படுத்தினேன்.

அடுத்த வாரம் மகள் தும்மினாள். ஆவடி ஸ்டேஷனிலிருந்து மழையில் நனைந்து வந்திருந்தாள், அவ்வளவுதான். தெர்மாமீட்டரில் ஒன்றுமே இல்லை. ஆனால் எனக்கு அந்தக் காசின் ஞாபகம் வந்துவிட்டது. அம்மனுக்குச் சேர வேண்டியது பேர் தெரியாத ஊரில் ஏதோ அலமாரியில் கிடக்கிறது. மொட்டை மாடிக்குப் போய், யாருக்கும் தெரியாமல் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணைப் போட்டேன்.

புல்லாங்குழல் வாசித்தார்கள். தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொன்னார்கள். மறுபடி புல்லாங்குழல். பிறகு ஓர் இளம்பெண்ணின் குரல்.

"வணக்கம் சார். உங்க சப்மிஷன் நம்பர்?"

"அது தெரியாதும்மா. என் பொண்ணு ஒரு ரூபா அனுப்பியிருக்கா. அதை அப்படியே திருப்பி அனுப்பணும்."

"கஸ்டமர் நீங்களா சார்?"

"நான் அப்பா."

"அப்பா சரி சார். கஸ்டமர் யாரு?"

மகள் பெயரைச் சொன்னேன். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "காசு பத்திரமா இருக்கு சார். வரிசையில இருக்கு. திருப்பி அனுப்பணும்னா அவங்க மெயில்ல இருந்து கேக்கணும்."

"அவ கேக்கமாட்டா. அதுக்காகத்தான் நான் கேக்குறேன்."

அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. சிரிப்பை அடக்கினாளோ என்னவோ. "அப்படிப் பண்ண முடியாது சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

இந்தக் கேள்வியை நானும் எங்கள் வாடிக்கையாளர்களிடம் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது எவ்வளவு மரியாதையான கேள்வியாகத் தெரிந்தது! மறுநாள் வேறு யாராவது எடுப்பார்கள் என்று மறுபடி கூப்பிட்டேன். அதே குரல். "சொல்லுங்க அப்பா சார்" என்றது. அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை.

வீட்டில் நடந்தது மானக்கேடு. மகள் போனைப் பார்த்துக்கொண்டே சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ப்பா, கிரேடிங் கம்பெனிக்கு போன் பண்ணீங்களா?"

"சும்மா, எப்போ வரும்னு கேக்க..."

"எத்தனை வாட்டி?"

"ரெண்டு."

"உங்கள் தந்தை நான்கு முறை தொடர்புகொண்டார்னு மெயில் வந்திருக்கு." சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "ம்மா! சாமியெல்லாம் உன் டிபார்ட்மென்ட்டுன்னு சொல்வாரே, அவரு என்ன பண்ணியிருக்காரு பாரு!"

மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை. "என்ன சொன்னாங்க?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள். அவளும் அதே பயத்தோடுதான் இத்தனை நாளும் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மகளும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் கேலியை நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த சில நாட்களில் நிறுவனமே மகளைக் கூப்பிட்டது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். எனக்குப் பழகிய அதே குரல்.

"மேடம், உங்க காசுல மஞ்சளா ஏதோ படிஞ்சிருக்கு. எழுத்து இடுக்கிலெல்லாம் இருக்கு. இப்படியே கிரேடு பண்ணா மதிப்பெண் வராது, நிஜமா போலியான்னு மட்டும்தான் சர்டிஃபை பண்ணுவோம். எங்க லேப்ல சுத்தம் பண்ணிட்டா மார்க் நல்லா வர வாய்ப்பிருக்கு. எப்படிப் பண்ணட்டும்?"

மகள் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவி, "அலம்பிடாதம்மா! மஞ்சளைத் தொட்டுடாதீங்க!" என்று கத்தினாள்.

அந்தப் பக்கம் குரல் மாறியது. அலுவலகத் தமிழ் போய், தெற்கத்திச் சாயல் வந்தது. "முடிஞ்சு வெச்ச காசா மேடம்?"

"ஆமாம்மா. இவளுக்குத்தான், டெங்கு வந்தப்போ. மாங்காட்டுக்கு."

"அடடா. இதை அப்பா சார் மொதல்லயே சொல்லியிருக்கலாமே. எங்க வீட்டுலயும் காசு முடிவாங்க." அவள் சற்றுத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "இப்போ உடம்பு நல்லாயிருக்கா மேடம்?"

கேள்வி மகளுக்கு. மகள் போன் பக்கமாகக் குனிந்தாள். "நல்லா இருக்கேங்க" என்றாள். அந்த இரண்டு சொற்களை அவள் வாயிலிருந்து ஏதோ முதல்முறை கேட்பதுபோல நான் கேட்டேன்.

"அப்போ என்ன பண்ணட்டும்?"

நான் மகளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன். மதிப்பெண் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அவள் சொன்னாள்: "சுத்தம் பண்ண வேணாங்க. நிஜமா போலியான்னு மட்டும் எனக்குத் தெரியணும். தெரிஞ்சப்புறம் அம்மன் எடுத்துக்கட்டும்."

"சரி மேடம். சுத்தம் செய்யக் கூடாதுன்னு குறிப்பு போட்டுடறேன். நானே கூட இருந்து பாத்துக்குறேன்."

ஸ்லாப் வந்தது. பஞ்சு, அட்டை, நெகிழித்தாள் எல்லாவற்றையும் பிரித்தால் உள்ளே அந்தக் கோணல் ரூபாய், எழுத்துகளின் இடுக்கில் மஞ்சள் துளியும் குறையாமல். மேலே ஒட்டிய சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: உண்மையானது, நாணயச் சாலைப் பிழை, மேற்பரப்பில் படிவு, மதிப்பெண் இல்லை. மகள் 'உண்மையானது' என்ற சொல்லைக் கட்டைவிரலால் தடவினாள். "அந்தக் கண்காட்சி ஆளு மூஞ்சில காட்டணும் இதை" என்று துள்ளினாள். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பூந்தமல்லியிலிருந்து ஆட்டோவில் மாங்காடு போனோம். மகள் பிராகாரத்தைத் தானே சுற்றினாள். மூச்சு வாங்கவில்லை. நான் பின்னாலேயே நடந்து அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பிறகு உண்டியல். மாற்றிக் கட்டிய காசோடு மஞ்சள் முடிச்சு முதலில் விழுந்தது. அடுத்து ஸ்லாப். அதை உடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அப்படியே போட்டுவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். உண்டியலின் வாயில் அது நுழையவில்லை. படுக்க வைத்துப் பார்த்தேன், நிமிர்த்திப் பார்த்தேன், பாதியில் சிக்கிக்கொண்டது. பின்னால் வரிசை நீண்டது.

"இன்னா சார், ஏடிஎம்முனு நெனச்சிட்டியா?" என்றாள் பின்னால் நின்ற ஒரு அம்மா. "கார்டு சொருவிகினு நிக்கிறே!"

வரிசையே சிரித்தது. மகள் தலையில் அடித்துக்கொண்டே ஸ்லாபைப் பிடுங்கி எடுத்தாள். வெளியே வந்து சிதறு தேங்காய் உடைக்கும் கல்லின் மேல் அவளே ஓங்கி அடித்தாள். தேங்காயைச் சிதறடிக்கிற கல்லுக்கு ஸ்லாப் அசையவில்லை. ஒரு கீறல் விழுந்ததோடு சரி. தயாரிப்புத் தரம் எனக்கே பிடித்துப்போனது.

எங்களுக்காகக் காத்திருந்த ஆட்டோக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். "குடும்மா இப்டி. உள்ள காசு கீதே! அத்த ஏன் ஜெயில்ல போட்டீங்க?"

"விலை ஜாஸ்தியான காசுண்ணா. அதான் பூட்டி அனுப்பியிருக்காங்க."

"அப்ப ஏன் ஒடைக்கிறே?"

"அம்மனோடது."

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா" என்று சீட்டுக்கு அடியிலிருந்து டயர் கழற்றும் நெம்புகோலை எடுத்து, ஸ்லாபின் ஓரத்தில் கொடுத்து ஒரு திருகு திருகினார். பிளாஸ்டிக் பிளந்து காசு மகளின் உள்ளங்கையில் விழுந்தது. அவள் அதை வெயிலில் பிடித்துப் பிறை இருந்த பக்கத்தை ஒருமுறை பார்த்தாள். மஞ்சள் அவள் விரலில் கொஞ்சம் ஒட்டியது. அதை நெற்றியில் தடவிக்கொண்டு உள்ளே போனாள். இந்த முறை உண்டியல் ஒரு வினாடியில் விழுங்கிவிட்டது.

திரும்பும் வழியில் மகளின் போனுக்கு அந்த நிறுவனத்திடமிருந்து செய்தி வந்தது. எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்? "நீங்கதான் கஸ்டமர் மாதிரி நாலு வாட்டி பேசினீங்க, நீங்களே போடுங்க" என்று என்னிடம் நீட்டினாள். என் வேலையில் நான் யாருக்கும் முழு மதிப்பெண் கொடுத்ததில்லை. அன்று பத்து போட்டேன். கருத்து எழுதும் இடத்தில், மஞ்சளைத் தொடாமல் அனுப்பிய பெண்ணுக்கு நன்றி என்று தமிழிலேயே எழுதினேன். அது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

காலி ஸ்லாபையும் சீட்டையும் மகள் தன் மேசை இழுப்பறையில் அந்தக் காசு இருந்த இடத்தில் வைத்திருக்கிறாள். மனைவி பூக்காரம்மாவிடம் சில்லறை மாற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளர் நிறைய ஒரு ரூபாய்க் காசுகள் வைத்திருக்கிறாள். "இனிமே அவசரத்துக்குத் தேட வேணாம் பாரு" என்றாள்.

"என்ன அவசரம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கொஞ்சம் உயர்ந்து கேட்டது. அவள் டம்ளரைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்தாள்.

நேற்று மாலை மகள் அந்த டம்ளரைத் தரையில் கொட்டி, காசுகளை ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தாள். கோணலாக ஒன்றாவது இருக்கிறதா என்று தேடல். கடந்து போகும்போது வழக்கம்போல என் கை அவள் நெற்றிக்குப் போனது.

"நார்மல்தானே?" என்றாள், காசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நார்மல்தான்" என்றேன். அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு பிடிக் காசை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.