அப்பா வீட்டிலிருந்த இரண்டு மாதம்

அப்பாவுக்கு வேலை போனால் எங்கள் வீட்டில் பிரியாணி. சின்ன வயதில் நானாகவே கண்டுபிடித்து வைத்திருந்த சட்டம் இது. அப்பா ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை காண்ட்ராக்டர் மாறுவார். உடனே பழையவர் மாசாமாசம் சம்பளத்தில் பிடித்திருந்த பி.எஃப். பணத்தை அப்பா மொத்தமாக எடுத்துவிடுவார். எங்கள் வீட்டு மிக்சி ஒரு காண்ட்ராக்டர், டிவி இன்னொரு காண்ட்ராக்டர்.

நான் நான்காவது படிக்கும்போது மறுபடி காண்ட்ராக்டர் மாறினார். புதிய காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் நல்ல மனிதர். முடிச்சூரில் எங்கள் வாடகை வீட்டுக்கே வந்தார்.

"திங்கக்கெழமயே வந்துடுண்ணா. பழைய பி.எஃப்.ப இங்க மாத்திக்கலாம். எடுக்காம பத்து வருஷம் ஓட்டிட்டா பென்ஷனே வரும்" என்றார்.

அப்பா தலையை ஆட்டினாரே தவிர மனசு அதில் இல்லை. இரண்டு மாதம் எங்கும் வேலையில் சேராமல் இருந்தால்தான் முழுப் பணமும் கைக்கு வரும். அம்மாவின் செயின் அடகுக் கடையில் முழுகப் போகிற நிலையில் இருந்தது.

அம்மா தாம்பரம் பக்கத்து ஏற்றுமதிக் கம்பெனியில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். தன் பி.எஃப்.பை ஒரு ரூபாய்கூடத் தொட்டதில்லை.

"செயின் போனா போவுது. பி.எஃப். வயசான காலத்துக்குய்யா, தொடாத."

"எங்க வூட்ல எவன் அறுபத பாத்துகீறான்? எங்கப்பன் அம்பதுலயே போய்ட்டாரு."

"நீ பாப்ப. உன்ன மாதிரி ஆளுங்கதான் கெட்டியா இருப்பாங்க."

"அப்ப நீ கஞ்சி ஊத்து."

சண்டை முற்றாமல் இருக்க அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. சைக்கிள் வேணுமா, பென்ஷன் வேணுமா?"

பென்ஷன் என்றால் என்ன என்று கேட்டேன். தாத்தா ஆன பிறகு மாசாமாசம் வருகிற காசு என்றார். அப்பா தாத்தா ஆவதா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிள் என்றேன்.

"ரெண்டு ஓட்டு எனக்கு" என்றார் அப்பா.

அந்த இரண்டு மாதம் மாதிரி ஒரு காலம் எனக்கு வாய்க்கவில்லை. விடிவதற்குள் கம்பெனி பஸ் பிடிக்க ஓடுகிறவர், எனக்குக் கோணல்மாணலாக ஜடை பின்னி, பள்ளிக்கூடம் வரை நடந்தே கூட வந்தார். சாம்பாரில் உப்பை மறந்தார். பணம் வந்தது. செயின் அம்மா கழுத்துக்கு வந்தது, எனக்குச் சிவப்பு சைக்கிள் வந்தது, பிரியாணியும் வந்தது.

மூன்றாம் மாதம் ஒரகடம் போனார். "ரெண்டு வாரம் பாத்தேண்ணா. அப்புறம் வேற ஆள் போட்டுட்டாங்க" என்றார் அந்த சூப்பர்வைசர். கடைசியில் படப்பையில் ஒரு பேக்கிங் கம்பெனியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

இப்போது அப்பாவுக்கு அறுபது. அம்மா சொன்னபடியே கெட்டியாக இருக்கிறார். மொத்தம் பதினெட்டு வருஷம் பி.எஃப். பிடித்தார்கள், ஒவ்வொரு தடவையும் துடைத்து எடுத்ததில் பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருஷம் எங்குமே சேரவில்லை. ஒரு அடுக்குமாடி வாசலில் பன்னிரண்டு மணி நேர வாட்ச்மேன் வேலை. தொடாமல் வைத்திருந்த அம்மாவுக்குப் பென்ஷன் வருகிறது. கேஸ் சிலிண்டருக்கும் அவள் மாத்திரைக்கும் சரியாகப் போய்விடுகிறது. அதற்கு மேல் எதுவும் மிஞ்சாததும் அப்பா வாட்ச்மேன் வேலையை விட முடியாததற்கு ஒரு காரணம்.

படப்பை வேலையில் சேர்ந்த முதல் நாள் அப்பா இருட்டிய பிறகுதான் வந்தார். சட்டையைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய்க் கேட்டேன்:

"இந்தக் காண்ட்ராக்ட் எப்பப்பா முடியும்?"

அப்பா சிரித்தார். அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். எதற்கு அடி என்று புரியாமல் அழுதேன். அப்பா மறுபடி வீட்டில் இருக்க வேண்டும் என்றுதானே கேட்டேன்.