மணி அடிக்கும் வேலை

அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் எழுத்தராக இருந்தேன். எந்த ஒன்றியம் என்று சொல்லப்போவதில்லை. சொந்த ஊர் விருதுநகர். திருத்தங்கலில் அறை எடுத்துத் தங்கி, பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தேன். மாதம் ஒருமுறை ஒன்றியக் கூட்டம் நடக்கும். சுற்றுக் கிராமங்களின் ஊராட்சித் தலைவர்கள்தான் அதில் உறுப்பினர்கள். அவர்கள் பேசுவதைக் குறிப்பெடுத்து நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற்றுவது என் பொறுப்பு.

எங்கள் ஒன்றியத் தலைவர் ஒருமுறை சென்னைக்குப் போய், பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து சட்டசபை நடப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். பேசுகிறவருக்கு நேரம் முடிந்ததும் அங்கே மணி அடிப்பது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அடுத்த கூட்டத்திலேயே ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று விதி போட்டார். ஒரு மேசை மணியும் வாங்கி என் கையில் கொடுத்தார்.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. நூறு ஏக்கர்க்காரர்கூட நான் தட்டினால் உட்கார்ந்தாக வேண்டுமே. ஆனால் தலைவருக்கு வேண்டியவர்கள் பேசும்போது அவர் என்னைப் பார்த்து விரலை லேசாக ஆட்டுவார். நான் மணியைத் தொடமாட்டேன். சில மாதங்களில் அதுவும் பழகிவிட்டது.

உறுப்பினர்களில் ஒருவர் திக்கிப் பேசுபவர். தாயில்பட்டிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் தலைவர், பருத்தி போடுகிற சம்சாரி, சிறு விவசாயி. பேச்சு வராதவரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டேன்.

"அவுக சொல்லி முடிக்க நேரமாகும். சொன்னாச் செஞ்சிருவாக," என்றார்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை ஒட்டி வெடிமருந்து கலக்கும் ஷெட் போட ஒரு பட்டாசுக் கம்பெனி விண்ணப்பித்திருந்தது. ஆட்சேபணை இல்லை என்று ஒன்றியம் தீர்மானம் போட்டுக் கொடுக்க வேண்டும். கூட்டத்தன்று காலையிலேயே திக்கிப் பேசுபவர் வந்துவிட்டார். என் மேசையருகே வந்து நின்றார்.

"ஐயா, இன்னைக்கு ம... மணிய மட்டும் கொஞ்சம் தாமசமா அடிங்க. நாலு வார்த்தைதான்."

"எல்லாருக்கும் ஒரே நேரம்தான் அண்ணாச்சி. நான் என்ன செய்ய?"

"ஒரே நேரம்தான். எனக்கு அது ஒ... ஒரே நேரம் இல்லையே."

நான் காகிதங்களை அடுக்கினேன்.

அவர் முறை வந்தது. 'ப' அவருக்கு வராத எழுத்து. பள்ளிக்கூடம், பட்டாசு, பிள்ளைகள் என்று அன்றைக்கு அவருக்கு வேண்டியிருந்த சொற்கள் எல்லாம் அதில்தான் தொடங்கின. பள்ளிக்கூடம் என்று சொல்ல முயன்று நின்றார். அதை விட்டுவிட்டு "சின்னஞ்சிறுசுக..." என்று சுற்றிவந்தார். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கழுத்து நரம்பு புடைக்க மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் ஆனது. தலைவரைப் பார்த்தேன். விரல் அசையவில்லை. மணியைத் தட்டினேன்.

அப்போது இன்னோர் உறுப்பினர் எழுந்தார். எந்நேரமும் கக்கத்தில் செய்தித்தாள் வைத்திருப்பவர்.

"எனக்குள்ள அஞ்சு நிமிசத்த அவுகளுக்குக் குடுக்கேன். பார்லிமெண்டுலயே கட்சிக்குன்னு நேரம் ஒதுக்கி, அவுக தங்களுக்குள்ள பிரிச்சுக்கிடுதாக."

"இது பார்லிமெண்டு இல்ல," என்றார் தலைவர்.

"அப்ப மணி மட்டும் எதுக்கு?"

சண்டை மூண்டது. போன மாதம் ரோடு விஷயத்தில் தலைவரின் மச்சான் எவ்வளவு நேரம் பேசினார் என்று ஒருவர் கேட்டார். "எழுத்தர்ட்ட கேளுங்க. அவுக கைலதான கடிகாரம் இருக்கு," என்றார் செய்தித்தாள்காரர். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இருபத்திரண்டு நிமிடம் என்று எனக்குத் தெரியும்.

"கவனிக்கலை," என்றேன்.

யாருக்கு எத்தனை நிமிடம் என்ற பேச்சிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. திக்கிப் பேசுபவர் அவ்வளவு நேரமும் நின்றுகொண்டே இருந்தார். அவரைப் பற்றிய வழக்கில் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் தலைவர் கை தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். இரண்டு பேர் தூக்கவில்லை. "ஒருமனதாகன்னு எழுதிக்கோங்க," என்றார் என்னிடம். எழுதினேன்.

அடுத்த வருஷம் தீபாவளி சீசனில் அந்த ஷெட் வெடித்தது. பகல் நேரம், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. மதிய உணவு சமைக்கும் அம்மாளும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரும் இறந்துபோனார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி உறுப்பினர்களைக் கூட்டிவைத்து நடவடிக்கைப் புத்தகத்தைத் திருப்பினார். "இவ்வளவு பக்கத்துல ஷெட் வருதுன்னு யாருமே சொல்லலையா? ஒருமனதாகன்னு இருக்கே?"

திக்கிப் பேசுபவர் எழுந்தார். "அவசரமில்லை, மெதுவாச் சொல்லுங்க," என்றார் அதிகாரி. அவரும் சொன்னார். பழக்கதோஷத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடம் ஆயிற்று. பள்ளிக்கூடக் கூரை ஓலை. மருந்து காயப்போடப் போகும் இடம் பிள்ளைகள் விளையாடும் இடம். ஊருக்குக் கிழக்கே தன் தரிசு நிலம் இரண்டு ஏக்கர் கிடக்கிறது. ஷெட்டை அங்கே போட்டுக்கொள்ளட்டும், தான் கொடுக்கத் தயார். அவர் அன்று சொல்ல வந்தது அவ்வளவுதான்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "பேச எழுந்தார் சார். நான்தான் மணி அடிச்சேன். ஒருமனதாகன்னு எழுதினதும் நான்தான்," என்றேன். எழுதச் சொன்னது யார் என்று சொல்லவில்லை. தலைவர் அருகில்தான் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தலைவருக்கு எதுவும் ஆகவில்லை. ஊரை விட்டுப் போகுமுன் அந்த உறுப்பினரைப் பார்க்கப் போனேன். தன் புன்செய்க் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். நிழலுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். துண்டில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தார். வார்த்தை வராமல் நிற்கிறாரா, சொல்ல விருப்பமில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

"நீங்க அடிக்காம இருந்திருந்தாலும் கை தூக்கத்தான் செ... செஞ்சிருப்பாக," என்றார் பிறகு. "ஆனா நான் சொன்னேன்னு எழுத்துல இருந்திருக்கும். அந்தப் பி... பி... அதுகளோட ஆத்தா அப்பனெல்லாம், நீங்க ஏன் சொல்லலன்னு எங்கிட்டதான் கேக்காக."

துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு மறுபடியும் காட்டுக்குள் இறங்கினார். நான் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தேன்.