நாற்பத்தொன்றாவது கல்

மோதிர விரலால்தான் தொடுவார். ஆள்காட்டி விரலில் மை இருக்கும். கட்டைவிரல் இரண்டு தீவுகளைச் சேர்த்து மறைத்துவிடும். ஆகவே மோதிர விரல். காலையில் வந்ததும், குடையை ஆணியில் மாட்டுவதற்கு முன்பே, சுவரிலிருக்கும் கடல் வரைபடத்தின் முன் நின்று ஒவ்வொரு பாறைத் தீவாகத் தொட்டு, "இருக்கியா... இருக்கியா..." என்று முணுமுணுத்துக்கொண்டே போவார். மொத்தம் நாற்பத்தொன்று. இரவோடு இரவாக எதுவும் ஓடிப்போகவில்லை என்று உறுதியான பிறகே நாற்காலியை இழுப்பார்.

கடல் வரைபட அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஆழப் பிரிவுக்கும் கழிப்பறைக்கும் நடுவே, சில்லறைத் தீவுகளுக்கென்று ஒரு மேசை உண்டு. பெரிய தீவுகளை முதல் மாடியில் பெரிய அதிகாரிகள் கவனித்துக்கொள்கிறார்கள். ஆள் இல்லாத, மரம் இல்லாத, குடிதண்ணீர் இல்லாத, ஆகவே யாரிடமும் மனு கொடுக்க வழியில்லாத பாறைகளெல்லாம் இவர் பொறுப்பு. இருபத்தாறு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார். அலுவலகத்தார் வைத்த பெயர் 'பாறையார்'. அவர் அதைக் கிண்டலென்று நினைத்ததே இல்லை. பட்டமென்று நினைக்கிறார்.

"தீவுன்னு தனியா ஒண்ணும் கிடையாதுங்க," என்பார், கேட்காதவர்களிடமும். "மலை கழுத்தளவு தண்ணியில நின்னு குளிக்குது. நாம தலைய மட்டும் பாத்துட்டுத் தீவுங்கறோம்."

இந்தத் தலைகளின் வரலாறு ஒரு நீல அட்டை நோட்டில் இருக்கிறது. ஏழாம் எண் பாறைக்காக இரண்டு அரசுகள் பதினெட்டு ஆண்டுகள் கடிதம் மூலம் போர் புரிந்தன. மொத்தச் சேதம், கொடி நடப் போன சிப்பாயின் வலதுகால் செருப்பு. பத்தொன்பதாம் எண்ணில் எவரோ ஆறு ஆடுகளை இறக்கிவிட்டுப் பண்ணை என்று அறிவித்தார். அங்கே மேய ஒன்றுமில்லை என்பதை முதலில் கண்டறிந்தவை ஆடுகள்தான். முப்பதாம் எண்ணில் கலங்கரை விளக்கு இருந்தது. விளக்குக்காரர் பதினோரு மாதங்களில் பதினோரு முறை மாற்றல் கேட்டார். பன்னிரண்டாம் மாதம் நீந்தியே வந்துவிட்டார்.

இவ்வளவு தெரிந்த மனிதர் ஒரு தீவைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்தாலே குமட்டுகிற உடம்பு. "பஸ்ஸுல முன் சீட்டு கிடைக்கலன்னா அடுத்த பஸ்ஸுக்கு நிப்பாரு. இவருதான் கடலையே கட்டி மேய்க்கிறாராம்," என்பது மனைவியின் சாட்சியம்.

மற்ற நாற்பதும் முன்னிருந்தவர்கள் விட்டுப்போனவை. நாற்பத்தொன்றாவது மட்டும் இவரே வைத்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு படகுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. 'குன்றுமேல் இருக்கிற தண்ணீர்த் தொட்டி சூளைப் புகைபோக்கிக்கு நேர் பின்னால் மறைகிற கோட்டில், கரையிலிருந்து இரண்டு மைலில் ஒரு கல் இருக்கிறது. கடல் நன்றாக இறங்கினால்தான் தலை காட்டும். என் தம்பி அதில் மோதித்தான் போனான்.' பாறையார் அளவுகோல் வைத்துக் கோடிழுத்து, மெல்லிய பேனாவால் ஒரு சின்னக் கூட்டல் குறி போட்டார். கடலில் பாறை என்பதற்கு அதுதான் அடையாளம்.

இந்த ஆண்டு புதிய துறைமுகம் திறக்கிறார்கள். கப்பல் தடத்தின் ஓரத்தை நாற்பத்தொன்று உரசுகிறது. அளவைப் படகு இரண்டு முறை போய், கடல் இறங்கிய நேரமாகவே பார்த்துத் துழாவியது. குறித்த இடத்தில் தண்ணீர் மட்டுமே இருந்தது. இயக்குநர் கூப்பிட்டனுப்பினார், பாறையாரைவிடப் பதினைந்து வயது இளைய பெண்மணி.

"சார், அங்க ஒண்ணும் இல்ல. நீக்கல் படிவத்துல கையெழுத்துப் போட்டுடுங்க. வெள்ளிக்கிழமை படம் அச்சுக்குப் போகுது."

"தம்பியப் பறிகொடுத்த ஆளு எழுதின கடுதாசி மேடம். கல்லு இல்லன்னா அந்தப் பையன் எதுல மோதினான்?"

"அதக் கல்லுகிட்டதான் சார் கேக்கணும். கல்லத்தான் காணோமே!"

கையெழுத்துப் போட்டபின் கல் இருந்துவிட்டால், ஏதோ ஒரு கப்பலின் வயிறு கிழியும். போடாமல், கல் இல்லாமலே போனால், இரண்டு மாடியும் சிரிக்கும். சிரிப்பு அவருக்குப் பழகியது. கப்பல்தான் சோறு இறங்கவிடாமல் செய்தது.

புதன்கிழமை விடுப்பெடுத்து, கடிதத்திலிருந்த விலாசத்துக்கே போனார். எழுபது வயதுப் படகுக்காரர் கவிழ்த்த படகின் அடிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வரைபடத்தை வாங்கி, தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, கரையிலிருந்த ஒரு குறியில் விரல் வைத்தார்.

"இது என்னங்க?"

"சூளைப் புகைபோக்கி. நீங்க எழுதினதுதான்."

"இது புதுச் சூளைங்க. நான் சொன்னது பழசு. அத இடிச்சு முப்பது வருசத்துக்கு மேல ஆச்சே."

"அப்ப, நீங்க எழுதும்போதே அது இல்லையா? இல்லாத புகைபோக்கியவா அடையாளம் சொன்னீங்க?"

"எங்களுக்கு அது இன்னும் நிக்குதுங்க. இப்ப அங்க ஒரு மஞ்ச வீடு. அதப் பாத்துத்தான் ஓட்டறோம். ஆனா புகைபோக்கின்னுதான் சொல்லுவோம். எல்லாருக்கும் தெரியுமே!"

படகுக்காரர் சுரண்டிப்போட்ட சாயத்தூள் மேலேயே பாறையார் உட்கார்ந்துவிட்டார். மஞ்சள் வீட்டை வைத்துப் புதிதாகக் கோடிழுத்தபோது கல் அரை மைல் நகர்ந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கப்பல்கள் வெறும் தண்ணீருக்குப் பயபக்தியோடு வழிவிட்டிருக்கின்றன. நிஜக் கல்லோ மரியாதை செய்வாரின்றித் தனியே கிடந்திருக்கிறது. இப்போது புதிய தடத்தின் நட்டநடுவில். அந்தத் தம்பிக்குப் பிறகு கரைப் படகுகள் அதில் மோதாததற்கு ஒரே காரணம், அவை எந்த வரைபடத்தையும் பார்ப்பதில்லை.

"தப்பு என்னோடதுதான்," என்றார்.

"விடுங்க சார், தப்பு புகைபோக்கியோடது. நாளைக்குக் காலைல கடல் நல்லா இறங்கும். வரீங்களா, பாத்துடலாம்?"

வியாழக்கிழமை விடியலில் மனைவி துண்டையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துவைத்து, "எத்தன பை வைக்கட்டும்?" என்று கேட்டார்.

"ஒண்ணு போதும்."

அவர் ஐந்து வைத்தார். முதல் மைலிலேயே ஐந்தும் தீர்ந்தன. அதற்குமேல் பாறையார் படகின் விளிம்பில் கவிழ்ந்து கிடந்தார். ஆழப் பிரிவில் இரவல் வாங்கிய இடங்காட்டிக் கருவியை மட்டும் மார்போடு இறுக்கியிருந்தார்.

"கடல்ல ஏற்கெனவே உப்பு சரியா இருக்கு சார். நீங்க ஒண்ணும் சேக்க வேணாம்," என்றார் படகுக்காரர்.

தண்ணீர்த் தொட்டி மஞ்சள் வீட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இயந்திரம் நின்றது. இரண்டு அலைகளுக்கு நடுவே கறுப்பாக ஒன்று எழுந்தது. எருமை முதுகளவுகூட இல்லை. மேலே கொஞ்சம் பாசி, ஒரு பறவையின் எச்சம்.

"இதாங்க," என்றார் படகுக்காரர். சொல்லிவிட்டுக் கரைப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பாறையார் கருவி காட்டிய எண்களை நீல நோட்டில் எழுதி, இருமுறை சரிபார்த்தார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து, மோதிர விரலை நீட்டிக் கல்லின் உச்சியில் வைத்தார். இந்த முறை "இருக்கியா" என்று கேட்கவில்லை. அடுத்த அலை முழங்கைவரை நனைத்துவிட்டுப் போன பின்னும் விரலை எடுக்கவில்லை.